கல்லின் நிழல்

கல்லடைப்பு வலியை ஒருமுறை அருகிலிருந்து கண்டவர்கள் அதை வேறெந்த வலியோடும் சேர்த்து எண்ணமாட்டார்கள். வயிற்றுக்குள் குடல் வெந்து சீழ் கட்டிய நோயாளி, அசைந்தால் வேதனை மிகுமென்று அஞ்சி, முழங்காலை மடக்கிக்கொண்டு சலனமின்றிக் கிடப்பான்; கல் இறங்கும் நோயாளியோ படுக்கவும் மாட்டாமல், உட்காரவும் மாட்டாமல், சுவரைப் பிடிப்பதும் தரையில் புரள்வதுமாக, எந்த நிலையிலாவது ஒரு கணம் சுகம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டே இருப்பான். சென்ற சித்திரையில், தாராபுரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில், என் தங்கையின் கணவர் இரவு இரண்டு மணியிலிருந்து விடியும்வரை இப்படி அலைந்ததை நான் பார்த்தேன். நாற்பது வயதைத் தொடாதவர், காட்டு வேலையில் உரமேறிய சரீரம் படைத்தவர். அவர் திண்ணைக்கும் கிணற்றடிக்குமாக மாறி மாறி நடந்து, இடது விலாவுக்குக் கீழே முஷ்டியை அழுத்திக்கொண்டு, மூன்று முறை வாந்தி எடுத்தார். சத்தம் கேட்டு வந்த அண்டை அயலார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் வாழைத்தண்டுச் சாறு என்றார், ஒருவர் நெருஞ்சிமுள் கஷாயம் என்றார், இன்னொருவர், "நேரா டவுனுக்குக் கொண்டு போயி சி.டி. ஸ்கேன் எடுத்துருங்க, எல்லாம் அதுல தெரிஞ்சு போகும்" என்றார். அந்த மூன்றாவது யோசனையைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

விடிந்ததும் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த டாக்டர் அம்மாள் வயதில் இளையவர். அவர் படம் எதையும் கேட்கவில்லை.

"எப்பப் புடிச்சுதுங்க வலி?"

"ராத்திரி ரெண்டு மணிக்குங்கம்மா. தூக்கத்துலயே புடிச்சுது."

"எங்க ஆரம்பிச்சு எங்க போகுது? கையை வெச்சுக் காட்டுங்க."

முதுகின் இடப்புறத்தில் வைத்த கை, விலாவைச் சுற்றி, அடிவயிற்றைக் கடந்து, தொடை இடுக்கில் போய் நின்றது. காய்ச்சல் உண்டா, குளிர் நடுக்கம் உண்டா, சிறுநீர் கடைசியாக எப்போது போயிற்று, முன்பு இப்படி வந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், உஷ்ணமானியை வைத்தார், வயிற்றை நான்கு மூலையிலும் அழுத்திப் பார்த்தார், முதுகில் ஒரு கையை வைத்து மறுகையால் மெல்லத் தட்டியபோது இவர் துள்ளியதையும் கவனித்துக்கொண்டார். பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் பிடித்த சிறுநீரில் பரீட்சைக் குச்சியை நனைத்து எடுக்க, அதன் மஞ்சள் கட்டங்களில் ஒன்று ஒரு நிமிஷத்துக்குள் பச்சையாக மாறிற்று. சிறுநீரில் இரத்தம் இருக்கிறது என்பது அதற்குப் பொருள். வலிக்கு ஊசி போட்டார். அரை மணி நேரத்தில், இரவெல்லாம் அலைந்த மனிதர் பெஞ்சியிலேயே சாய்ந்து கண்ணயர்ந்தார்.

அதன் பிறகு என்னைக் கூப்பிட்டு அந்த அம்மாள் சொன்னது இன்றும் என் நினைவில் அப்படியே இருக்கிறது: "கல்லுதானுங்க, அனேகமா. ஆனா கல்லு எங்க இருக்குதுங்கறது எனக்கு இப்ப அவசரமில்லீங்க. கிட்னியில தண்ணி கட்டியிருக்குதா, அதுல சீழ் புடிச்சிருக்குதா, அதுதான் அவசரம். இப்பக் காய்ச்சல் இல்லை, வலியும் கேட்டிருக்குது. நாளைக்குக் காலைல தாலூகா ஆஸ்பத்திரியில அல்ட்ரா சவுண்ட் பாத்துக்கலாம். நடுவுல குளிர் காய்ச்சல் மட்டும் வந்துச்சுன்னா, ஒரு நிமிஷம் நிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரோணும்."

மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று துணிவதை நம் தர்க்க சாஸ்திரிகள் அனுமானம் என்றார்கள். நெருப்பையே கண்ணால் காண்பதைப் பிரத்தியட்சம் என்றார்கள். வலி திடீரென்று பிடித்த விதம், அது இறங்கிச் சென்ற வழி, வாந்தி, சிறுநீரில் கண்ட இரத்தம் ஆகிய நான்கு புகைகளைக் கொண்டு அந்த அம்மாள் செய்த நிர்ணயம் முதல் வகை. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இரண்டாம் வகை என்று எண்ணுவதனால், முன்னதைச் சற்றுத் தாழ்வாகவும் பின்னதைச் சற்று உயர்வாகவும் மதிக்க நாம் பழகிவிட்டோம். ஆனால் இந்த நோயில் அனுமானத்தின் பலம் சாமானியமானதன்று. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த வைத்தியர்கள் 2014-ல் இதை ஒரு கணக்காகவே வகுத்தார்கள்: நோயாளி ஆணா பெண்ணா, வலி தொடங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று, குமட்டலோடு நின்றதா வாந்தியும் உண்டா, சிறுநீரில் இரத்த அணுக்கள் காண்கின்றனவா என்பவற்றுக்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால், கல் இருக்கும் வாய்ப்பு மிகுதியா குறைவா என்பது படம் எடுக்குமுன்பே பெரும்பாலும் புலப்பட்டுவிடும் என்று காட்டினார்கள். அவர்கள் கணக்கில் நோயாளியின் இனமும் ஐந்தாவது கூறாக நிற்கிறது. அந்நாட்டு ஜனங்களைக் கொண்டு வகுத்த அந்தக் கூறு நமக்குப் பொருந்துமென்று நான் எண்ணவில்லை. மற்ற நான்கையும் அறிய ஒரு மேஜையும், கேட்கப் பொறுமையும், அந்தச் சிறு குச்சியும் போதும். குச்சி நிறம் மாறவில்லையென்றால் கல் இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கல் உள்ளவர்களிலேயே நூற்றுக்கு 10 முதல் 15 பேர் வரை சிறுநீரில் இரத்தம் காணாதிருப்பதுண்டு.

அப்படியானால் படம் எதற்கு என்று கேட்டால், அந்த அம்மாள் சொன்ன 'தண்ணி' என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. கல் முள்போல் குத்திக் கிழிப்பதனால்தான் வலி என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் சிறுநீரகத்துக்குள்ளேயே தங்கியிருக்கும் கல், ஆண்டுக்கணக்காக யாதோர் உபாதையும் தராமல் கிடப்பதுண்டு. அது அங்கிருந்து புறப்பட்டு, சிறுநீரகத்தைச் சிறுநீர்ப்பையோடு இணைக்கும் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய்க்குள் நுழையும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது. அந்தக் குழாய் இயற்கையிலேயே மூன்று இடங்களில் ஒடுங்கியிருக்கிறது: சிறுநீரகத்தை விட்டு அது புறப்படும் வாய், இடுப்பின் பெரிய இரத்தக் குழாய்களின்மேல் ஏறிக் கடக்கும் வளைவு, சிறுநீர்ப்பைக்குள் புகும் துவாரம். கடைசித் துவாரமே மிகவும் நெருக்கமானது. கல் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால், மேலிருந்து இடைவிடாமல் ஊறிவரும் சிறுநீர், மடை அடைத்த வாய்க்கால்போல் பின்னோக்கித் தேங்கி, குழாயையும் சிறுநீரகத்தின் உட்கிண்ணங்களையும் விரித்து, அதன் மேலுறையை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுவையும், அடைப்பைத் தள்ளிவிடக் குழாய் சுருங்கிச் சுருங்கி முயல்வதுமே அந்த வேதனை.

தேங்கிய நீரில் கிருமி புகுந்துவிட்டாலோ, நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. கட்டிய நீர் சீழாகிறது. அதன் அழுத்தம் கிருமிகளை நேரே இரத்தத்துக்குள் தள்ளுகிறது. காலையில் நடந்து வந்த மனிதர் மாலையில் நாடி தளர்ந்து, நினைவு மங்கிக் கிடக்கக்கூடும். அப்போது கிருமிக்கு ஊசி போடுவது மட்டும் போதாது. கல்லைத் தாண்டி ஒரு மெல்லிய ஸ்டென்ட் குழாயையோ, முதுகின் வழியே சிறுநீரகத்துக்குள் ஒரு வடிகுழாயையோ செலுத்தி, தாமதமின்றி அந்த நீரை வடித்தாக வேண்டும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு அடைப்பு நேர்ந்தாலும், சிறுநீர் அடியோடு நின்றுபோனாலும் இதே அவசரந்தான். இவர்களை நாளைக் காலை என்று அனுப்பிவைக்கும் வைத்தியர், எத்தனை நல்ல படத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும், பெரும் பிழை செய்தவராவார்.

இன்னொரு கூட்டம் நோயாளிகள் உண்டு. அவர்கள் வலி கல்வலியை அச்சாக ஒத்திருக்கும், கல் இராது. அறுபது வயதைக் கடந்தவருக்கு, அதிலும் நெடுநாள் புகைபிடித்தவருக்கு, வாழ்நாளில் முதன்முறையாக இப்படி விலாவிலோ முதுகிலோ வலி வந்தால், வயிற்றின் மகாதமனி வீங்கிக் கசியத் தொடங்கியதோ என்ற சந்தேகம் முதலில் எழ வேண்டும். மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்குக் கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்கலாம். வலப்புறமென்றால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். பத்துப் பதினைந்து வயதுப் பையனுக்கு விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். கூச்சத்தால் அவன் அடிவயிறு என்றே சொல்வான், கேட்பவர் துணி விலக்கிப் பார்க்காவிட்டால் சில மணி நேரத்தில் அந்த அவயவம் அழிந்துபோம். இவ்விடங்களில் எந்தப் படம் என்பதைத் தீர்மானிப்பதே சந்தேகத்தின் தன்மைதான்.

கல்லைப் படம் பிடிக்கும் கலை, எக்ஸ்ரே கிரணம் பிறந்த மறு ஆண்டிலேயே பிறந்துவிட்டது. 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரத்தில் ரான்ட்கன் என்ற விஞ்ஞானி அந்தக் கிரணங்களைக் கண்டார். 1896-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ராயல் இன்ஃபர்மரி ஆஸ்பத்திரியில் ஜான் மக்கின்டயர் என்ற வைத்தியர் ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை நிழலாகப் பதிவு செய்தார். இன்று கே.யு.பி. என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அந்த எக்ஸ்ரே அதன் நேர் சந்ததி. கல்லில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் எலும்பைப்போல் வெளுப்பாய்த் தெரியும். பெரும்பாலான கற்களில் அது உண்டு. யூரிக் அமிலத்தால் ஆன கல்லோ, எத்தனை பெரிதாயினும், இந்தப் படத்தில் நிழலே விழாமல் ஒளிந்துகொள்ளும். போதாக்குறைக்குக் குடலில் நிற்கும் வாயுவும் மலமும் கல்லை மறைக்கும். இடுப்பின் இரத்தக் குழாய்களில் வயதாக ஆக உண்டாகும் சுண்ணாம்பு மணிகள் கல்லென்று ஏமாற்றும். ஆகவே, முதல் நிர்ணயத்துக்கு இதை நம்பிவிடக் கூடாது. ஏற்கெனவே இன்ன இடத்தில் கல் உண்டென்று தெரிந்து, அது எக்ஸ்ரேயில் விழும் ஜாதியென்றும் தெரிந்துவிட்டால், இறங்குகிறதா என்று பார்த்துவர இது நல்ல உபகாரி.

வயதான வாசகர்கள் சிலருக்கு ஐ.வி.பி. என்ற பரீட்சை ஞாபகம் இருக்கும். முதல் நாள் இரவு விளக்கெண்ணெய் குடித்து, வெறும் வயிற்றோடு போய், கை நரம்பில் அயோடின் கலந்த மருந்தை ஏற்றிக்கொண்டு, அது சிறுநீரகத்தில் வடிந்து குழாய்வழி இறங்குவதை வரிசையாகப் படம் எடுக்கக் காத்துக் கிடந்த காலம் அது. 1929-ல் பெர்லின் நகரத்தில் மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க வைத்தியரின் உழைப்பினால் அம்முறை நடைமுறைக்கு வந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேல் அரசாண்டது. 1995-ல் யேல் சர்வகலாசாலையார் அதனோடு, மருந்து ஏற்றாமலே எடுக்கும் சி.டி. ஸ்கேனை ஒப்பிட்டுக் காட்டினார்கள். அத்துடன் அந்த ஆட்சி முடிந்தது.

சி.டி.யின் பெருமையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. கிராமபோன் இசைத்தட்டுகளால் பேர்பெற்ற இ.எம்.ஐ. என்ற ஆங்கிலக் கம்பெனியில் எஞ்சினீயராக இருந்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, ஒரே கோணத்திலிருந்து விழும் நிழலை விட்டுவிட்டு, சுற்றிச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து விழும் நிழல்களைக் கணக்கிட்டுச் சேர்த்தால் சரீரத்தின் குறுக்குவெட்டையே கண்டுவிடலாம் என்று யோசித்து, 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தார். 1979-ல் நோபல் பரிசு அவரையும் ஆலன் கார்மக்கையும் சேர்ந்தடைந்தது. அந்த யந்திரத்தின் கண்ணுக்கு யூரிக் அமிலக் கல்லும் தப்பாது, எச்.ஐ.வி. நோய்க்குக் கொடுக்கப்பட்ட இண்டினவிர் என்னும் மருந்தே படிந்து உண்டாகும் கல்லைப்போல் மிகச் சிலவே தப்பும். கல் எத்தனை மில்லிமீட்டர், குழாயில் எந்த இடத்தில், எவ்வளவு கெட்டி என்பனவற்றையும், கல் இல்லையென்றால் வேறென்ன என்பதையும் சில வினாடிகளில் சொல்லிவிடும். ஆபரேஷனுக்குப் புறப்படும் வைத்தியருக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அதைப் பணத்தால் மட்டும் கணக்கிட முடியாது. பூமியிலிருந்தும் வானத்திலிருந்தும் உண்ணும் உணவிலிருந்தும் நம் ஒவ்வொருவர் மீதும் இயல்பாகவே படும் கதிர்வீச்சு, உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட். தோரியம் கலந்த மணல் படிந்த மணவாளக்குறிச்சிக் கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு இது பல மடங்கு அதிகம். வயிற்றையும் இடுப்பையும் சேர்த்துச் சாதாரண முறையில் எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனோ, ஒரே வேளையில் சுமார் 10 மில்லிசீவெர்ட் கொடுத்துவிடுகிறது. ஒரு தடவையால் நேரும் தீங்கின் வாய்ப்பு மிகச் சிறியது. அவசியமான இடத்தில் அதற்கு அஞ்சி மறுப்பது அறியாமை. ஆயினும் கல் ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரும் இயல்புடையது. வருகிற வயதும் இளவயது. எனக்குத் தெரிந்த ஒருவர் முப்பத்து நான்கு வயதுக்குள், மூன்று ஆண்டுகளில், நான்கு சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆஸ்பத்திரி. முந்தைய படத்தை எவரும் கேட்கவில்லை, பரணில் கிடந்த பையை இவரும் எடுத்துப் போகவில்லை. நான்கையும் கூட்டினால் சுமார் 40 மில்லிசீவெர்ட். பதினாறு ஆண்டுகளுக்கு மேல் இயற்கை கொடுப்பதை அவர் மூன்று ஆண்டுகளுக்குள் கூடுதலாகப் பெற்றுவிட்டார். இதை அவருக்குக் கணக்கிட்டுச் சொன்னபோது அவர் முகத்தில் கண்ட திகைப்பே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. கல்லைத் தேடுவதற்கென்றே கதிர் அளவைக் குறைத்து, 3 அல்லது 4 மில்லிசீவெர்ட்டுக்குள் எடுக்கும் முறை இப்போது வந்திருக்கிறது. மிகப் பருமனான சரீரம் உடையவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதுவே போதும். 'குறைந்த டோஸில் எடுக்க முடியுமா?' என்று கேட்பதற்கு நோயாளி தயங்க வேண்டியதில்லை.

முதற்படமாக எதை எடுப்பது என்ற வழக்கை ஊகத்துக்கு விடாமல் பரீட்சித்தே பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 15 ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில், கல் என்ற சந்தேகத்தோடு வந்த 2,759 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கும் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு அவசரப் பிரிவு வைத்தியரே படுக்கையருகில் அல்ட்ரா சவுண்ட் பார்த்தார். ஒரு சாராருக்குக் கதிரியல் நிபுணர் அல்ட்ரா சவுண்ட் பார்த்தார். மூன்றாம் சாராருக்கு நேரே சி.டி. எடுக்கப்பட்டது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ரெபெக்கா ஸ்மித்-பைண்ட்மேன் தலைமையில் நடந்து 2014-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில், பெரிய வியாதி எதையாவது தவறவிட்டு அதனால் கெடுதல் விளைவது மூன்று பிரிவிலும் மிக அரிதாகவே இருந்தது. அதில் வித்தியாசமும் இல்லை. அல்ட்ரா சவுண்ட் என்ற ஒலிப்படத்தில் தொடங்கியவர்கள் பெற்ற கதிர்வீச்சோ குறைவு. இதைப் படிப்பவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடக் கூடாது. கர்ப்பிணிகளும், வேறு அபாயகரமான நோய் என்று பலமாகச் சந்தேகிக்கப்பட்டவர்களும் இந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்படவில்லை. மேலும், படுக்கையருகில் ஒலிப்படம் பார்க்கப்பட்டவர்களில் பத்தில் நால்வரும், நிபுணர் பார்த்தவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானவரும், பின்னால் தேவை கருதி சி.டி.க்கும் போனார்கள். ஒலிப்படத்தை முதலில் எடுத்து, அது விடை சொல்லாத இடத்தில் மற்றதை எடுப்பதால் எவருக்கும் நஷ்டமில்லை என்பதே அதன் உண்மைப் பொருள்.

இதற்குப் பிறகும் தேசங்கள் ஒருமித்துவிடவில்லை. ஐரோப்பியச் சிறுநீரக அறுவை வைத்தியர்களின் சங்கம் முதலில் அல்ட்ரா சவுண்ட் என்கிறது. இங்கிலாந்தின் நைஸ் என்ற வைத்திய நெறி ஸ்தாபனம், 2019-ல் வெளியிட்ட நெறிமுறையில், வயது வந்தவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் குறைந்த டோஸ் சி.டி. என்கிறது. இது முரண்பாடுபோல் தோன்றினாலும், குடும்ப வைத்தியர் ஒரு கடிதம் எழுதினால் மறுநாளைக்குள் யந்திரமும் படிக்க ஆளும் கிடைக்கும் ஒரு நாட்டுக்கு வகுத்த விதி அது என்பதை நினைத்துப் பார்த்தால் நியாயம் விளங்கும். அந்த விதியை அப்படியே எடுத்து வந்து, சி.டி. யந்திரம் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைப்பது பொருந்தாது. கர்ப்பிணிகள், குழந்தைகள் விஷயத்தில் மட்டும் எங்கும் கருத்து வேற்றுமை இல்லை. அவர்களுக்கு முதலில் ஒலிப்படமே. கர்ப்ப காலத்தில் சிறுநீரகம், முக்கியமாக வலது சிறுநீரகம், அடைப்பில்லாமலே சற்று விரிந்திருப்பது இயல்பாதலால், பார்ப்பவருக்கு அங்கே நிதானம் வேண்டும்.

மறுநாள் காலையில் தாலூகா ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் அறையின் வாசலில், கருவிலிருக்கும் சிசு ஆணா பெண்ணா என்று இங்கே பார்த்துச் சொல்லப்படுவதில்லை, அது சட்டப்படி குற்றம் என்ற பலகை தொங்கிற்று. வயிற்று வலியோடு வந்த ஆண்பிள்ளைக்கு அந்தப் பலகையோடு என்ன சம்பந்தம் என்று தோன்றலாம், சம்பந்தம் உண்டு. பெண் சிசுக்களைக் காப்பதற்காக 1994-ல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின்படி, ஒவ்வொரு அல்ட்ரா சவுண்ட் யந்திரமும், கைக்குள் அடங்கும் சிறு கருவியானாலும், பதிவு செய்யப்பட்ட இடத்தில், தகுதி பெற்றவர் கையில் இருக்க வேண்டும். வேறு நாடுகளில் வைத்தியர் ஸ்டெதாஸ்கோப்போடு ஒலிப்படக் கருவியையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கியிருக்கிறார். இங்கே அது எளிதில் ஆகாது. அந்தச் சட்டம் வந்த காரணத்தை அறிந்த எவரும் அதைக் குறை சொல்லத் துணியார், நானும் துணியவில்லை. பதிவு பெற்ற யந்திரங்களையும் பயிற்சி பெற்ற வைத்தியர்களையும் கிராமத்துப் பக்கம் பெருக்குவதே நமக்குள்ள வழி என்று மட்டும் சொல்வேன்.

"தண்ணி நல்லாக் குடிச்சீங்களா? மூத்திரம் முட்டுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் அவரைப் படுக்க வைத்தார். வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, ஸ்கேன் டாக்டர் கருவியை இடது விலாவில் வைத்தார். நம் காதுக்கு வினாடிக்கு 20,000 துடிப்புக்கு மேல் கேளாது. இந்தக் கருவி அனுப்பும் ஒலியோ வினாடிக்குப் பல லட்சக்கணக்கான துடிப்புகள் கொண்டது. உள்ளே சென்று அவயவங்களில் பட்டு மீளும் அதன் எதிரொலியே திரையில் படமாகிறது. இதைப் பிரசவ வைத்தியத்துக்குக் கொண்டு வந்ததும் கிளாஸ்கோ நகரந்தான் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. உலோகத் தகட்டில் விரிசல் பார்க்கும் தொழிற்சாலைக் கருவியை 1955-ல் சரீரத்துக்குப் பிரயோகித்துப் பார்த்த ஐயன் டொனால்டு என்ற பிரசவ வைத்தியர், 1958-ல் அதன் பயனை உலகுக்கு அறிவித்தார்.

திரையில் முதலில் தெரிந்தது பிளந்த அவரை விதைபோன்ற சாம்பல் நிற உருவம். வலது பக்கத்தில் அதன் நடுப்பாகம் வெண்மையாக அடைந்து கிடந்தது. இடது பக்கத்திலோ அந்த வெண்மையை விலக்கிக்கொண்டு, கை விரித்தாற்போல் கறுப்பாக ஓர் இடைவெளி. "இதானுங்க தண்ணி" என்றார் டாக்டர். ஒலிப்படத்தில் நீர் எதிரொலி தராது, ஆதலால் கறுப்பு. குழாயின் நடுப்பகுதியைக் குடல் வாயு மறைத்துவிட்டது. இது எப்போதும் உள்ள குறை, யார் பார்த்தாலும் அங்கே கண் மங்கிவிடும். பிறகு கருவி அடிவயிற்றுக்கு இறங்கிற்று. நிறைந்த சிறுநீர்ப்பை ஒரு கரிய குளமாகத் தெரிய, அதன் இடது மூலையில், குழாய் புகும் அந்தக் கடைசித் துவாரத்திலேயே, ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் பின்னால் ஒரு கரிய கோடு. ஒலியைக் கல் வழிமறிப்பதால் விழுகிற நிழல் அது. டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தி வண்ணத்தைக் கொண்டு வந்ததும், அந்தப் புள்ளியின் பின்னே சிவப்பும் நீலமுமாகப் பொறிகள் மின்னின. கல்லின் கரடுமுரடான மேற்பரப்புச் செய்யும் வேலை அது, ஐயம் நீக்கும் அடையாளம். பின்பு அவர் கருவியை அசைக்காமல் காத்திருந்தார். சற்று நேரத்துக்கொருமுறை வலது மூலையிலிருந்து சிவந்த பீச்சலாகச் சிறுநீர் குளத்துக்குள் பாய்ந்தது. இடது மூலையில் நாங்கள் நெடுநேரம் பார்த்தும் ஒன்றும் வரவில்லை.

"அஞ்சு மில்லிமீட்டர்ங்க. அடியிலதான் நிக்குது. சி.டி. இப்ப வேண்டாம்."

கல்லின் இருப்பு, அடைப்பு, இடம், ஏறக்குறைய அளவு ஆகிய நான்கும் கதிர்வீச்சே இல்லாமல் தெரிந்துவிட்டன. அந்த அளவுள்ள கற்களில் பாதிக்கு மேற்பட்டவை தாமாகவே இறங்கிவிடுபவை. காய்ச்சல் இல்லை, வலி மாத்திரைக்குக் கேட்கிறது, மற்ற சிறுநீரகம் சுகமாக இருக்கிறது. சி.டி. எடுத்திருந்தால் கல் இன்னும் கூர்மையாகத் தெரிந்திருக்கும். அடுத்துச் செய்ய வேண்டிய காரியம் ஓர் எள்ளளவும் மாறியிராது. வலி அடங்காமலோ, வீக்கம் வளர்ந்தோ, ஆபரேஷன் என்ற பேச்சு எழுந்தோ இருந்தால், அன்றைக்கே அதை எடுக்க வேண்டியதுதான்.

பதினொன்றாம் நாள் இரவு வலி நின்றது, பிறகு வரவில்லை. டீ வடிகட்டியில் சிறுநீரைப் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தும், காட்டிலும் மேட்டிலும் இருப்பவருக்கு அது நடவாத காரியம். கல்லை அவர் காணவில்லை. நான்கு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்ன சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "வலிதான் போயிருச்சுங்களே மச்சான், இனி எதுக்கு ஸ்கேன்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியால் சிறுநீரகத்தை இழந்தவர்கள் உண்டு. நெடுநாள் அடைபட்ட சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொள்ளும், அழுத்தம் தணியும், வலி மறையும், கல் அங்கேயே இருக்கும், மாதக்கணக்கில் அந்த அவயவம் சத்தமின்றிச் சுருங்கிப்போம். கல்லைக் கையில் பிடித்துப் பார்க்காதவருக்கு, வலி நின்றது என்பது கல் போயிற்று என்பதற்குச் சாட்சியாகாது. இதைச் சொல்லி, "வாங்க மாப்பிள்ளை, நானும் கூட வர்றேன்" என்று பஸ் ஏற்றி அழைத்துப் போனேன்.

அதே அறை, அதே பலகை, அதே குளிர்ந்த ஜெல். இடது சிறுநீரகத்தின் நடுவில் விரிந்திருந்த கறுப்பு வற்றி, வெண்மை அடைந்துகொண்டிருந்தது. கரிய குளத்தின் மூலையில் புள்ளியைக் காணோம். வண்ணத்தைப் போட்டுவிட்டு டாக்டர் காத்திருந்தார், நாங்களும் காத்திருந்தோம். வலது மூலையிலிருந்து ஒரு பீச்சல் வந்தது. மறுபடியும் வலதிலிருந்தே ஒன்று. பிறகு இடது மூலையிலிருந்து, குளத்தின் குறுக்கே, சிவப்பாக ஒன்று பாய்ந்தது. கழுத்தைத் திருப்பித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "வந்துருச்சுங்களா?" என்று கேட்டார்.

"வந்துருச்சுங்க" என்றார் டாக்டர்.